பயிற்சிக்குப் போகவும் வசதி வேண்டுமா?

கணக்கியல் பட்டப்படிப்பின் கடைசிப் பருவத்தில் எனக்கு இரண்டு தொழிலியல் பயிற்சி வாய்ப்புகள் வந்தன. ஒன்று கோலாலம்பூரில் ஒரு தணிக்கை நிறுவனம். மற்றொன்று எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில், இரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் சிறிய கணக்கியல் அலுவலகம். எது எனக்கு நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. இருந்தும் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

காரணம் எளிய கணக்கு. தலைநகர் நிறுவனம் தருவதாகச் சொன்னது மாதம் 400 ரிங்கிட். அறை வாடகை 350. நாளுக்கு 15 ரிங்கிட் என்று சிக்கனமாகச் சாப்பிட்டாலும் 450. ரயிலுக்கும் பேருந்துக்கும் மை50 அட்டை 50. ஆக, செலவு 850. மாதம் 450 ரிங்கிட் துண்டு விழும். ஆறு மாதத்திற்கு 2,700. பிடிபிடிஎன் கடனோ பயிற்சிப் பருவத்தின் கட்டணத்திற்கே சரியாகப் போனது. லோரி ஓட்டும் அப்பாவிடம் அந்தத் தொகையைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த இடத்திற்கு என் வகுப்புத் தோழி போனாள். கெட்டிக்காரி, அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. எங்கள் மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், அவள் வீடு பெட்டாலிங் ஜெயாவில் இருந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதால்தான் உயர்கல்விக்கூடங்கள் செயல்வழிக் கற்றலை வலியுறுத்துகின்றன. 2017இல் நம் நாட்டில் '2யூ2ஐ' என்ற முறை அறிமுகமானது. ஈராண்டு பல்கலைக்கழகத்தில், ஈராண்டு தொழில்துறையில் என்பது அதன் அமைப்பு. மற்றப் பட்டப்படிப்புகள் பலவற்றிலும் தொழிலியல் பயிற்சி கட்டாயம். நோக்கம் நல்லது. வேலை உலகில் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் இது மிகவும் உதவ வேண்டும். ஆனால், பயிற்சிக் காலச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியைத் தொடாதவரை, வசதி உள்ளவருக்கே அது இன்னொரு படிக்கட்டாகிறது.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. கல்விக்கூடத்தின் வழி பயிற்சிக்குச் செல்லும் மாணவருக்கு அது பொருந்தாது. அரசாங்கம் வேறொரு வழியைக் கையாள்கிறது. டேலண்ட்கார்ப் நடத்தும் பயிற்சித் திட்டத்தில் சேரும் நிறுவனங்களுக்கு 2012 முதல் இரட்டை வரிக் கழிவு கிடைக்கிறது. குறைந்தது 10 வாரப் பயிற்சி, மாதம் குறைந்தது 500 ரிங்கிட் உதவித்தொகை ஆகியவை அதன் தொடக்கக்கால நிபந்தனைகள். வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனால், வரிச் சலுகையை நாடாத நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. மேலும், 500 ரிங்கிட் என்பது வீட்டிலிருந்து போய்வரும் மாணவருக்குக் கைச்செலவு. வெளியூர் மாணவருக்கு வாடகையிலேயே கரைந்துவிடும்.

பணம் மட்டுமே குறையா என்றால், இல்லை. சுங்கை சிப்புட் அலுவலகத்தில் முதல் ஏழு வாரம் நகல் எடுத்தேன், கோப்புகளை அடுக்கினேன். எட்டாவது வாரம் மேற்பார்வை விரிவுரையாளர் நேரில் வந்தார். என் பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பயிற்சி முடியும்போது இந்த மாணவிக்குத் தனியாக என்ன செய்யத் தெரிந்திருக்கும்?"

மறுவாரமே ஒரு மளிகைக் கடையின் கணக்கு என் மேசைக்கு வந்தது. ரசீதுகளைப் பதிவது, வங்கி அறிக்கையோடு ஒப்பிடுவது, மாதக் கணக்கை முடிப்பது என எல்லாம் என் பொறுப்பு. பிறகு வேலைக்கான நேர்முகத் தேர்வில் நான் தயங்காமல் பேசியது அந்தக் கடைக் கணக்கைப் பற்றித்தான். என் வகுப்பில் சிலருக்கோ ஒரு தொலைபேசி அழைப்போடு மேற்பார்வை முடிந்துவிட்டது.

எனவே, மூன்று மாற்றங்கள் தேவை. முதலாவது, மதிப்பெண்ணுக்காகக் கட்டாயமாக்கப்பட்ட பயிற்சிக்கு உதவித்தொகையும் கட்டாயமாக வேண்டும். வெளியூர் செல்லும் பி40 மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் தங்குமிடச் செலவில் கைகொடுக்க வேண்டும். இரண்டாவது, இடம் தேடும் பொறுப்பை மாணவரின் தலையில் மட்டும் கட்டக்கூடாது. அப்படிக் கட்டினால் மாமா, சித்தப்பா செல்வாக்கு உள்ளவரே முந்துவார். மூன்றாவது, மாணவர் கற்க வேண்டிய வேலைகளை முதல் வாரத்திலேயே எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். விரிவுரையாளர் முதல் மாதத்திலேயே வந்து பார்க்க வேண்டும்.

அதுவரை, பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உதவித்தொகை எவ்வளவு? எனக்கு வழிகாட்டுபவர் யார்? நான் தனியாகச் செய்து முடிக்கப்போகும் வேலை எது? இவற்றைக் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

நான் வேலையில் சேர்ந்து ஓராண்டாகிறது. போன மாதம் தைப்பிங்கிலிருந்து ஒரு மாணவர் எங்கள் அலுவலகத்திற்குப் பயிற்சிக்கு வந்தார். "எங்கே தங்கியிருக்கிறீர்கள் தம்பி, வாடகை எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் குறித்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். பதில் இன்னும் வரவில்லை. ஆனால், முதல் வாரத்திலேயே ஒரு வாடிக்கையாளரின் கணக்கை அவரிடம் ஒப்படைத்துவிட்டேன். என் கையில் இருந்தது அதுதான்.