வேரோடு பெயர்க்காதீர்கள்
அமெரிக்காவின் மேற்கு மலைகளில், ராக்கி தொடரிலும் காஸ்கேட் தொடரிலும், கோடை வந்தால் உயரமான புல்வெளிகள் சிவக்கின்றன. பெரும்பாலும் அது பெயின்ட்பிரஷ் செடியின் வேலை. சாயத்தில் தோய்த்தெடுத்த தூரிகைபோலவே இருக்கும். கண்ணில் படும் சிவப்பு இதழ்களுடையது அல்ல, பூவடி இலைகளுடையது. உண்மையான பூ பச்சை கலந்த ஒடுங்கிய குழலாக அவற்றுக்குள் மறைந்திருக்கும். ஓசனிச்சிட்டுகள் அந்தக் குழலுக்குள் அலகை நீட்டித் தேன் குடிக்கின்றன. வயோமிங் மாநிலம் 1917இல் இதன் ஓர் இனத்தைத் தன் மாநில மலராகவே அறிவித்தது.

இந்த அழகுக்காகத்தான் செடியைத் தோண்டிக்கொண்டுபோய் வீட்டுத் தோட்டத்தில் நட ஆசைப்படுகிறார்கள். அது பெரும்பாலும் செத்துப்போகும். காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. பெயின்ட்பிரஷ் ஓர் அரை ஒட்டுண்ணி. தன் இலைகளால் உணவு தயாரித்தாலும், பக்கத்துப் புல், சேஜ்பிரஷ், லூபின் ஆகியவற்றின் வேர்களைத் துளைத்து நீரும் சத்தும் உறிஞ்சுகிறது. லூபினின் கசப்பு நஞ்சைக்கூட வாங்கித் தன்னைத் தின்னவரும் பூச்சிகளைத் தடுத்துக்கொள்கிறது. நம் சோளக்கொல்லைகளைப் பாழாக்கும் சுடுமல்லியும் இதே குடும்பம்தான். ஆனால் ஒட்டுண்ணி என்றதும் முகம் சுளிப்பது தவறு. மலைப்புல்வெளியில் இது களை அல்ல. பறவைக்கு உணவு தரும் பூர்வகுடி. தோண்டும்போது அறுவது ஒரு செடியின் வேர் மட்டுமல்ல, அது அண்டை வீட்டாரோடு வைத்திருந்த உறவும்தான். வேண்டுமென்றால் நாற்றங்காலில் விதை வாங்கி, குளிர்காலத்துக்கு முன் உள்ளூர்ப் புல்லோடு சேர்த்து விதைக்கலாம். பூக்க ஆண்டுகள் ஆகலாம், காத்திருங்கள்.