மார்க்கை அனுப்பலாமா, வேண்டாமா?

செங்கோட்டையில் ஒரு வீடு. மகள் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டாள். மேல் படிப்புக்கு இங்கிலாந்து போக ஆசைப்படுகிறாள். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையும் எழுதினாள். 9க்கு 6 மார்க்கு கிடைத்தது.

அவள் விண்ணப்பம் போடும் பல்கலைக் கழகமோ, "பிளஸ்-2 ஆங்கில மார்க்கு போதும். விரும்பினால் பரீட்சை மார்க்கையும் அனுப்பலாம்" என்கிறது.

"காசு கட்டி எழுதியதை ஏன் மறைக்க வேண்டும்? அனுப்பிவிடும்மா" என்கிறார் அப்பா.

"குறைந்த மார்க்கைக் காட்டி, கிடைக்கிற இடத்தையும் கெடுத்துக்கொள்ளாதே" என்கிறார் அம்மா.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. யார் சொல்வது சரி?

தோல்வி இல்லை

இந்தப் பரீட்சை 1989 முதல் நடக்கிறது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று 4 பகுதிகள். இதில் வெற்றி, தோல்வி கிடையாது. எத்தனை மார்க்கு வேண்டும் என்பதை அந்தந்தப் பல்கலைக் கழகமே முடிவு செய்யும். மேல் பட்டப் படிப்புக்கு 6½ கேட்பது வழக்கம். ஒவ்வொரு பகுதிக்கும் தனி அளவும் உண்டு. மார்க்கு 2 ஆண்டுகள்தான் செல்லும்.

அம்மா சொல்வதே சரி

கட்டிய பணம் போனது போனதுதான். அதற்காக மார்க்கை அனுப்ப வேண்டியது இல்லை. கேட்ட அளவுக்கு மேல் இருந்தால் அனுப்பலாம். குறைவாக இருந்தால், பிளஸ்-2 மார்க்கே பேசட்டும். அது போதுமா, விசாவுக்கும் செல்லுமா என்று பல்கலைக் கழகத்துக்கே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

இது பொய் ஆகுமா? ஆகாது. விருப்பம் என்று விட்டதை அனுப்பாமல் இருப்பது குற்றம் அல்ல. ஆனால், "பரீட்சை எழுதியது உண்டா?" என்று விண்ணப்பத்தில் கேட்டால், உண்மையைத்தான் எழுத வேண்டும்.

தமிழில் படித்தவர்கள்

இன்னொரு வகைப் பிள்ளைகளும் உண்டு. தமிழ்நாட்டில் 2010 முதல் என்ஜினீயரிங் படிப்பையே தமிழில் படிக்க வழி இருக்கிறது. அப்படிப் படித்தவர்களுக்கு, "ஆங்கிலத்தில் படித்தார்" என்ற சான்றிதழ் கிடைக்காது. "இவருக்கு ஆங்கிலம் வருமா?" என்ற சந்தேகம் எழும். அவர்கள் நல்ல மார்க்கு வாங்கி இருந்தால், கேட்காவிட்டாலும் அனுப்ப வேண்டும். ஒரே தாளில் சந்தேகம் தீர்ந்துவிடும்!

மலைக்கு அந்தப் பக்கம்

மார்க்கை அனுப்பாததோடு வேலை முடிந்துவிடாது. 6 மார்க்கு ஒரு செய்தி சொல்கிறது. அது பல்கலைக் கழகத்துக்கு வேண்டாம் என்றால், வீட்டுக்கு வேண்டும். எந்தப் பகுதியில் குறைந்தது என்று பார்த்து, புறப்படும் முன்பே தினமும் பழக வேண்டும்.

செங்கோட்டைக்கு இது புதிது அல்ல. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் அந்த ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் மலையாளம். அங்கே வியாபாரத்துக்குப் போனவர்கள் மார்க்கு வாங்கிக்கொண்டு போகவில்லை. மொழியைக் கற்றுக்கொண்டார்கள்.

மார்க்கை மறைக்கலாம். வகுப்பில் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்!