பாதை யாருக்கு?

"நடப்பதற்கு நல்ல பாதை வேண்டுமா?" என்று எவரைக் கேட்டாலும், "வேண்டும்" என்றே விடை வரும். "வேண்டாம்" என்பவர் இருந்தால் அவரை விந்தை மனிதர் என்றே ஊரார் எண்ணுவர். ஆயினும், 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 7-ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாண்டா குரூஸ் மாவட்டத்து மக்களிடம் இந்தக் கேள்வி வாக்குச் சீட்டின் வடிவில் வந்தபோது, வாக்களித்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பேர் "வேண்டாம்" என்று குறியிட்டனர்.

விந்தை மனிதர்களா அவர்கள்? அல்ல, தோழர்களே! கேள்வியின் முகப்பை மட்டும் பார்க்காமல், அதன் முதுகையும் திருப்பிப் பார்த்தவர்கள். அதனால்தான், எங்கோ ஒரு கடலோர மாவட்டத்தில் நடந்த இந்த வாக்கெடுப்பை இந்த ஞாயிற்றுக்கிழமை நாம் எடுத்துப் பேசுகிறோம்.

முதலில் அந்தப் பாதையின் வரலாற்றை அறிந்துகொள்வோம். சாண்டா குரூஸ் நகரையும் தெற்கேயுள்ள வாட்சன்வில் நகரையும் இணைத்து 1876-இல் இருப்புப்பாதை ஒன்று போடப்பட்டது. மண்ணை வெட்டியவர்களும் மரக்கட்டைகளைச் சுமந்தவர்களும் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். முதல் போட்டவர்களின் பெயர் ஏடுகளில் நிலைத்தது. முதுகெலும்பு நோக உழைத்தவர்களின் பெயர் மண்ணோடு மண்ணாயிற்று. பின்னர் பாதை பெரிய இரயில் நிறுவனங்களின் கைக்கு மாறியது. வடகோடியிலுள்ள டாவன்போர்ட்டின் சிமெண்ட் ஆலைதான் அதன் பெருஞ்சரக்கு. அந்த ஆலை 2010-இல் மூடப்பட்டது. சரக்கு குறைந்தது; வண்டி குறைந்தது; தண்டவாளத்தின் மீது துரு ஏறியது. 2017-இல் அடித்த புயல்மழை, தென்பகுதிப் பாதையைச் சிதைத்தது.

ஆனால், அதற்கு முன்பே ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. 2012-இல், மாவட்டப் போக்குவரத்து ஆணையம், 32 மைல் நீளமுள்ள அந்தப் பாதையை 1 கோடியே 42 இலட்சம் டாலர் கொடுத்துத் தனியார் நிறுவனத்திடமிருந்து வாங்கிப் பொதுவுடைமை ஆக்கிற்று. 1990-இல் மாநில மக்கள் வாக்களித்து ஒப்புதல் அளித்த இரயில் கடன்பத்திர நிதி அதற்குக் கைகொடுத்தது. இரயிலுக்கென்று மக்கள் தந்த பணம். இரயிலுக்கென்று வாங்கிய நிலம். இதை நினைவில் வையுங்கள்.

வாங்கிய பாதையை என்ன செய்வது? ஆணையத்தின் திட்டம் இது: தண்டவாளம் இருக்கட்டும், அதன் அருகிலேயே நடப்பவர்க்கும் மிதிவண்டி விடுவோர்க்கும் தனிப்பாதை அமையட்டும், பிற்காலத்தில் பயணிகள் வண்டியும் ஓடட்டும். 2016-இல், போக்குவரத்துக்கென அரை சதவிகித விற்பனை வரியை 30 ஆண்டுகளுக்கு விதிக்கும் தீர்மானத்துக்கு மக்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்தனர். அந்த வரியில் 17 சதவிகிதம் நடைபாதை, மிதிவண்டிப் பாதைகளுக்கு. 8 சதவிகிதம் இரயில் பாதைக்கு. தன் சட்டைப்பையில் கைவைக்க அரசுக்கு அனுமதி தந்த மக்கள், இரண்டும் வேண்டும் என்றுதான் தந்தார்கள்.

இங்கேதான் "பசுமைவழி" என்ற பெயர் தாங்கி ஒரு புதிய தீர்மானம் வந்தது. கலிபோர்னியாவில், போதிய கையொப்பங்களைத் திரட்டினால் குடிமக்களே ஒரு சட்டத்தை எழுதி வாக்கெடுப்புக்கு விடலாம். அருமையான உரிமை அது. அந்த உரிமையைக் கொண்டுதான் இத்தீர்மானமும் வந்தது. மாவட்டப் பொதுத்திட்டத்தைத் திருத்துவது, தண்டவாளம் கிடக்கும் இடத்தில் அகன்ற நடைபாதை அமைப்பது, பயணிகள் இரயில் பற்றிய வாசகங்களைத் திட்டத்திலிருந்து நீக்குவது ஆகியவை அதன் உட்பொருள். முகப்பில் பசுமை, முதுகில் இரயிலுக்கு முற்றுப்புள்ளி!

எதிர்த்தரப்பின் வாதத்தை மறைத்துவிட்டு வெற்றி கொண்டாடுவது நமக்கு அழகன்று. அவர்கள் சொன்னது என்ன? "இரயில் வரும் வரும் என்று எத்தனை ஆண்டு காத்திருப்பது? பாலங்கள் பழையவை, வழி குறுகலானது, தண்டவாளத்தையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் பாதை போடப் பணமும் மிகுதி, காலமும் மிகுதி. தண்டவாளத்தை எடுத்துவிட்டால் பிள்ளைகள் நாளையே பள்ளிக்கு மிதிவண்டியில் போகலாம். பின்னொரு நாள் இரயில் வேண்டுமென்றால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம், சட்டம் இடம் தருகிறது" என்றனர்.

சட்டம் இடம் தருகிறது என்பது உண்மையே. அமெரிக்காவில் 1916-இல் சுமார் 2,54,000 மைல் இருப்புப்பாதை இருந்தது. மோட்டார் வந்தது, நெடுஞ்சாலை வந்தது, பாதைகள் ஆயிரம் ஆயிரம் மைலாகக் கைவிடப்பட்டன. பல இடங்களில் இரயில் நிறுவனத்துக்கு நிலம் முழுச் சொந்தமன்று. வண்டி ஓட்டும் வழியுரிமை மட்டுமே உண்டு. வண்டி நின்றால் உரிமை போயிற்று. நிலம் துண்டு துண்டாகப் பக்கத்து நிலக்காரரிடம் திரும்பிற்று. ஒருமுறை துண்டான வழியை மீண்டும் ஒட்ட எந்த அரசாலும் எளிதில் இயலாது. இதைக் கண்டுதான் 1983-இல் தேசியப் பாதைகள் சட்டம் திருத்தப்பட்டது. இரயில் நின்ற வழியை இடைக்காலத்துக்கு நடைபாதையாக வைத்துக்கொள்ளலாம். வழி கைவிடப்பட்டதாகக் கருதப்படாது. பின்னர் இரயில் திரும்பலாம் என்றது அத்திருத்தம். 1990-இல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. இன்று அந்நாட்டில் இத்தகைய பழைய இரயில் வழிகளில் அமைந்த நடைபாதைகள் 20,000 மைலுக்கு மேல். வண்டி திரும்ப வாய்ப்பே இல்லாத ஊர்களில் அவை பெரும் நன்மை. நாம் அதை மறுக்கவில்லை.

ஆனால், சட்டத்தின் ஏட்டில் உள்ளது வேறு. நாட்டின் நடப்பில் உள்ளது வேறு. அப்படி நடைபாதையாக மாறிய வழிகளில் மீண்டும் இரயில் ஓடியவை விரல்விட்டு எண்ணத் தக்கவை. ஏன்? நடைபாதை அமைந்ததும் அதன் ஓரத்து வீடுகளின் மதிப்பு ஏறுகிறது. அமைதிக்கும் நிழலுக்கும் பழகிப்போன மக்கள் பின்னர் வண்டிச் சத்தத்தைக் கேட்க ஒப்புவதில்லை. தண்டவாளத்தைப் பெயர்க்க ஒரு கோடைக்காலம் போதும். திரும்பப் போட ஒரு தலைமுறையும் போதாது. "இடைக்காலம்" என்ற சொல்லை நம்பி இழந்த உரிமைகள் உலகில் எத்தனை என்பதை அரசியல் அறிந்த தோழர்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ?

இனி, பாதை யாருக்கு என்ற கேள்விக்கு வருவோம்.

அந்த வழியின் வடபுறம் சாண்டா குரூஸ்: பல்கலைக்கழகம், கடற்கரை, கேளிக்கைக் கூடங்கள், விலையேறிய வீடுகள். தென்புறம் வாட்சன்வில்: ஸ்ட்ராபெரி வயல்கள், பழங்காய்கறி ஆலைகள், அவற்றில் பாடுபடும் மெக்சிக்கக் குடும்பங்கள். வடக்கே வேலை, தெற்கே ஓரளவு தாங்கத்தக்க வாடகை. ஆகவே ஒவ்வொரு நாள் காலையும் தெற்கிலிருந்து வடக்கே மோட்டார் வண்டிகள் அணி அணியாக ஊர்கின்றன. மாலையில் அதே ஊர்தல் எதிர்த்திசையில். நெடுஞ்சாலை ஒன்றுதான் பெருவழி. அதில் ஒரு விபத்து நேர்ந்தால் அன்றைய கூலியில் ஒரு பகுதி போயிற்று. விடுதியில் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு, 15 மைல் மிதிவண்டி மிதித்துவிட்டு எட்டுமணி நேரம் நின்று வேலை செய் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? உலாவச் செல்பவருக்கு நடைபாதை போதும். உழைக்கச் செல்பவருக்கு வண்டி வேண்டும்.

அந்த வாட்சன்வில் வாய்மூடிக் கிடந்த ஊருமன்று. 1985 செப்டம்பர் முதல் 1987 மார்ச் வரை, காய்கறிகளை உறையவைத்து அடைக்கும் ஆலையின் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஏறத்தாழ 18 மாதம் அணி கலையாமல் வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. நகரம் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்துச் சிறுபான்மையினரின் வாக்கை வலுவிழக்கச் செய்த தேர்தல் முறையை எதிர்த்து வழக்காடி, 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்று, வட்டவாரித் தேர்தலைப் பெற்ற ஊர் அது. வாக்கின் விலை என்ன என்பதை வழக்காடி அறிந்தவர்கள் அம்மக்கள்.

எனினும் ஓர் எச்சரிக்கை. ஏழைகள் வென்றனர், செல்வர் தோற்றனர் என்று இதைச் சுருக்கிவிடுதல் பிழை. 73 சதவிகிதம் என்பது ஓர் ஊரின் கணக்கன்று. மாவட்டம் முழுவதன் கணக்கு. நடைப்பயிற்சியை விரும்புவோர், மிதிவண்டி விடுவோர், சுற்றுச்சூழல் காப்போர் ஆகியோரில் பலரும் "வேண்டாம்" என்றவர்களே. பெல்ட்டன் மலைப்பகுதியில் பழைய நீராவி வண்டிகளை ஓட்டிவரும் நிறுவனமும், தன் இணைப்பு அறுபடும் என்று எதிர்த்தது. அவர்கள் நடைபாதையை மறுக்கவில்லை. நடைபாதையைக் காட்டி இரயிலைப் பறிப்பதை மறுத்தனர். 2021 அக்டோபரில், மேல்கம்பி இல்லாமல் ஓடும் சிறிய மின்வண்டி ஒன்று அந்தத் தண்டவாளத்தில் சில நாள் ஓடிக் காட்டியது. துருப்பிடித்த பாதையில் புதிய வண்டி ஓடுவதை மக்கள் கண்ணால் கண்டனர். கண்டதை மறக்கச் செய்வது கடினம் அல்லவா?

வெற்றி முரசு இத்தோடு நிற்கட்டும். இனிச் சொல்வது கசப்பானது.

வாக்கெடுப்பு நடந்து ஆண்டுகள் சென்றன. நடைபாதையின் சில துண்டுகள் திறக்கப்பட்டன. ஆனால் அன்றாடப் பயணிகள் வண்டி இன்னும் ஓடத் தொடங்கவில்லை. 2025-இல் வெளிவந்த திட்ட அறிக்கை, 22 மைல் தூரத்துக்கு வண்டியும் பாதையும் அமைக்க ஏறத்தாழ 428 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டது. 1 கோடியே 42 இலட்சத்துக்கு வாங்கிய வழிக்கு இத்தனை செலவா என்று மலைக்கத்தான் தோன்றும். பாலங்கள் புதிதாக வேண்டும். கடலரிப்பைத் தாங்கும் அடித்தளம் வேண்டும். இரண்டரை இலட்சம் பேருக்குச் சற்றே மேற்பட்ட மக்கள் கொண்ட மாவட்டம் தனித்துத் தாங்கும் சுமையன்று அது. "நாங்கள் அன்றே சொன்னோமே" என்று தோற்றவர்கள் இன்று கேட்கிறார்கள். அக்கேள்வியை எள்ளி நகையாடித் தள்ளிவிட முடியாது.

நமது விடை இது: மக்கள் "வேண்டாம்" என்றது, வழியை அழிப்பதற்கு. வண்டியைக் கொண்டுவர அந்த ஒரு வாக்கு போதாது. இழப்பைத் தடுக்க ஒரு நாள் திரண்டால் போதும். ஆக்கத்தைப் பெற ஆண்டுக்கணக்கில் திரள வேண்டும். மாநில நிதிக்கும் கூட்டரசு நிதிக்கும் போராட வேண்டும். ஒரே மூச்சில் முடியாதெனில் சிறு தொலைவிலிருந்து தொடங்கும் வழி உண்டா என்று ஆராய வேண்டும். கணக்குகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். வென்றவர்கள் உறங்கினால், துருவே தோற்றவர்களின் வாதத்தை முடித்துக் கொடுக்கும்.

தோழர்களே! வாக்குச் சீட்டில் இனிய பெயர்கள் வரும். பசுமை என்று வரும், முன்னேற்றம் என்று வரும், அழகு என்று வரும். பெயரைப் படிப்பதோடு நிற்காதீர்கள். எந்த வரி நீக்கப்படுகிறது என்று பாருங்கள். தெருமுனையில் நின்று பேசும்போது, கேட்க வந்தவருக்குத் தீர்மானத்தின் உட்பொருளை எழுத்துக்கு எழுத்து விளக்குங்கள். சாண்டா குரூஸில் 100-க்கு 73 பேர் அப்படிப் படித்ததனால்தான், 1876-இல் பெயர் தெரியாத கைகள் போட்டுவைத்த அந்த வழி இன்றும் அறுபடாமல் மக்கள் கையில் இருக்கிறது. வண்டி வருமா என்பது, அந்த 73 பேர் இனி என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.