54 மார்க் போதுமா பாஸ்?

இன்டர்னல் டெஸ்ட், அரியர் ஃபீஸ், அட்டெண்டன்ஸ் குறைச்சல்... எல்லா சோகத்தையும் ஒரு பத்து நிமிஷம் ஓரம் கட்டிட்டு வாங்க. இந்த வாரம் என் சோகத்தைக் கொஞ்சம் கேளுங்க.

2025 தீபாவளிக்கு மறுநாள். அக்டோபர் 21, விடிகாலை அஞ்சரை மணி. தெரு பூரா வெடித்த பேப்பர் குப்பை. வீட்டில் எல்லோரும் அதிரசமும் முறுக்கும் தின்ற களைப்பில் தூங்குகிறார்கள். நான் மட்டும் லேப்டாப் முன்னால், தலையில் ஒரு கருநீலத் தொப்பியோடு. கனடாவின் டொரான்டோவில் அப்போதுதான் முதல் நாள் ராத்திரி எட்டு மணி. அங்கே ஒரு பேஸ்பால் மேட்ச். சியாட்டல் மரைனர்ஸும் டொரான்டோ புளூ ஜேஸும் மோதுகிற அமெரிக்கன் லீக் ஃபைனல். ஏழு மேட்ச் சீரிஸில் ஆளுக்கு மூன்று ஜெயித்தாச்சு. இது ஏழாவது. ஜெயித்தவர் வேர்ல்ட் சீரிஸுக்குப் போவார், தோற்றவர் வீட்டுக்குப் போவார்.

ஏழாவது இன்னிங்ஸ். நம்ம மரைனர்ஸ் 3-1 முன்னிலை. டொரான்டோ ஆட்களில் இன்னும் எட்டே எட்டு பேரை அவுட்டாக்கினால் போதும். பேஸில் ரெண்டு பேர் நிற்கிறார்கள். பேட்டைச் சுழற்ற வந்தவர் ஜார்ஜ் ஸ்பிரிங்கர். படார்! பந்து வேலியைத் தாண்டிப் போயிடுச்சு. மூன்று ரன். 4-3. அப்புறம் அந்த ஸ்கோர் மாறவே இல்லை.

நான் போட்ட சத்தத்தில் எழுந்து வந்த அப்பா, "என்னடா, பல் வலியா?" என்று கேட்டார். ஆமாம்னு சொல்லிட்டேன். உண்மையைச் சொன்னால் இன்னும் கேவலமா இருக்கும்!

எப்படி வந்தது இந்த வியாதி?

அத்தை பையன் ஒருத்தன் சியாட்டலில் எம்.எஸ். படிக்கப் போனான். முதல் லீவுக்கு வந்தப்போ எல்லோருக்கும் சாக்லேட், சென்ட் பாட்டில். எனக்கு மட்டும் இந்தத் தொப்பி. "மாப்ளே, இனிமே இதுதான் நம்ம டீம்"னு தலையில் மாட்டி விட்டான். தொப்பி ஃப்ரீ. கூட வந்த பி.பி.யும் ஃப்ரீ!

சியாட்டலில் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு மேட்ச் ஆரம்பித்தால் நமக்கு மறுநாள் காலை ஏழே கால். கரெக்டா காலேஜ் பஸ் வர்ற நேரம். ஒரு சீசனுக்கு 162 மேட்ச். மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு நான் ஏன் அடித்துக்கொள்வேன் என்று என் கிளாஸ்மேட்களுக்கு ரொம்ப நாள் புரியவில்லை. சிக்னல் அங்கேதான் நல்லா கிடைக்கும்!

சரி, மரைனர்ஸ் ஜாதகத்தைச் சுருக்கமா சொல்றேன். 1977-ல் பிறந்த டீம். அமெரிக்க மேஜர் லீகில் மொத்தம் 30 டீம்கள். அதில் 2025 சீசன் முடியும் வரை வேர்ல்ட் சீரிஸ் மேட்ச் ஒன்றுகூட ஆடாத ஒரே டீம் இதுதான். கவனிங்க, கப் ஜெயிக்காத டீம் இல்லை. ஃபைனல் கிரவுண்டிலேயே கால் வைக்காத டீம். நம்ம ஆர்.சி.பி. ரசிகர்கள் 2008-ல் இருந்து 2025 வரை 18 சீசன் காத்திருந்தார்கள், ஒத்துக்கிறேன். ஆனால் அவர்கள் நடுவில் மூணு ஃபைனலையாவது பார்த்துட்டாங்களே!

பேப்பரில் புலி

ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதம் மச்சான் போன் பண்ணுவான். "மாப்ளே, இந்தத் தடவை டீம் லிஸ்ட்டைப் பாரு. செம!" லிஸ்ட் எப்பவுமே செமதான். அதில்தான் எனக்குச் சந்தேகமே. ஏன்னா லிஸ்ட்டை நம்பிக் கெட்டவர்கள் நாங்கள்.

1990-களில் இந்த டீமில் யார் யார் இருந்தாங்க தெரியுமா? கென் கிரிஃபி ஜூனியர், ராண்டி ஜான்சன், அலெக்ஸ் ரோட்ரிகஸ், எட்கர் மார்ட்டினெஸ். ரஜினி, கமல், விஜய், அஜித் நாலு பேரும் ஒரே படத்தில் நடித்த மாதிரி! ஆனால் படம் நூறாவது நாளைத் தாண்டவே இல்லை. 1998-ல் ஜான்சன் வேறு டீமுக்குப் போனார். 2000-ல் கிரிஃபி போனார். அந்த சீசன் முடிந்ததும் ரோட்ரிகஸ் 10 வருஷத்துக்கு 252 மில்லியன் டாலர் கான்ட்ராக்ட் வாங்கிக்கொண்டு டெக்ஸஸ் போனார்.

அவ்வளவுதான், கடையைச் சாத்த வேண்டியதுதான்னு நினைப்பீங்க இல்லே? அடுத்த வருஷம், 2001-ல், அதே மரைனர்ஸ் 162-ல் 116 மேட்ச் ஜெயித்தது! 1906-ல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனையைச் சமன் செய்தது. அந்த வருஷம்தான் ஜப்பானில் இருந்து இச்சிரோ சுசுகி வந்தார். வந்த முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம், சிறந்த ஆட்டக்காரர் ரெண்டு விருதையும் தட்டினார். 2025-ல் அவரை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தப்போ 394 ஓட்டில் 393 கிடைத்தது. ஓட்டுப் போடாத அந்த ஒருத்தர் யாருன்னு மச்சான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கான்.

116 ஜெயித்தாச்சே, கப் வாங்கியிருப்பாங்கன்னுதானே கேக்குறீங்க? இல்லை பாஸ். பிளே-ஆஃபில் நியூயார்க் யாங்கீஸிடம் 4-1 என்று உதை. அதற்கப்புறம் 2022 வரை பிளே-ஆஃப் பக்கமே தலை காட்டவில்லை. நடுவில் 20 வருஷம் காலி!

ஆக, ஸ்டார்கள் இருந்தப்பவும் வரவில்லை. ஸ்டார்கள் போய் 116 ஜெயித்தப்பவும் வரவில்லை. அப்போ எதை நம்பறது?

அந்த 54

இங்கேதான் மேட்டருக்கு வர்றேன். 2023 சீசன் முடிந்ததும், டீமுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த ஜெர்ரி டிபோட்டோ நிருபர்களிடம் ஒரு கணக்குச் சொன்னார். ஒரே வருஷத்தில் கப் வாங்கணும்னு எல்லாத்தையும் கொட்டக் கூடாது. பத்து வருஷத்துக்குச் சராசரியா 54 சதவிகித மேட்ச் ஜெயித்துக்கிட்டே இருந்தால், ஒரு நாள் வேர்ல்ட் சீரிஸ் வரும். இதுதான் சாராம்சம். சியாட்டலே கொதிச்சுப் போச்சு.

54-ன்னா நம்ம யுனிவர்சிட்டியில் செகண்ட் கிளாஸ். "செகண்ட் கிளாஸ் வாங்கறதுதான் லட்சியம்"னு ஒரு ஹெச்.ஓ.டி. மேடையில் சொன்னால் எப்படி இருக்கும்?

ஆனால் மச்சான் டிபோட்டோ கட்சி. "டேய், பேஸ்பால் மார்க் ஷீட் வேற. வரலாற்றிலேயே பெஸ்ட்டுன்னு சொல்ற 116 வெற்றியே 72 சதவிகிதம்தான். 162-ல் 54 சதவிகிதம்னா 87, 88 வெற்றி. அது நல்ல டீம்தான். வருஷா வருஷம் பிளே-ஆஃப் வாசல்ல நின்னாதானே ஒரு நாள் கதவு திறக்கும்?"

அவன் கணக்கில் தப்பில்லை. ஆனால் இதைக் கேளுங்க. டிபோட்டோ அந்தக் கணக்கைச் சொன்ன 2023-ல் மரைனர்ஸ் ஜெயித்தது சரியா 88. கரெக்டா 54 சதவிகிதம். ஒரே ஒரு வெற்றி குறைச்சலில் பிளே-ஆஃப் போச்சு. 2024-ல் 85 வெற்றி. மறுபடியும் ஒரே ஒரு வெற்றியில் போச்சு. ரிவால்யுவேஷன்கூடப் போட முடியாது!

2025-ல் 90 ஜெயித்தார்கள். 88-க்கும் 90-க்கும் எவ்வளவு? ரெண்டே மேட்ச். ஆனால் அந்த ரெண்டு மேட்ச் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்க. 2001-க்குப் பிறகு முதல் தடவையா டிவிஷனில் முதலிடம். டெட்ராய்ட்டோடு 15 இன்னிங்ஸ், கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஆடி 3-2 ஜெயித்தார்கள். அப்புறம் வேர்ல்ட் சீரிஸுக்கு எட்டு அவுட் தூரம்.

என்ன மாறியது? அந்த ஜூலையில் டிபோட்டோவே தன் கணக்கை மீறினார். எதிர்காலத்துக்குன்னு வளர்த்து வைத்திருந்த இளம் பையன்களைக் கொடுத்து, அரிஸோனாவில் இருந்து ஜாஷ் நேய்லர், யூஹேனியோ சுவாரெஸ் ரெண்டு பேரையும் அள்ளி வந்தார். டொரான்டோவுக்கு எதிரான ஐந்தாவது மேட்ச்சில் நாலு ரன் தந்த கிராண்ட்ஸ்லாம் அடித்தது அந்த சுவாரெஸ்தான். ரிஸ்க் எடுத்தாங்க, பக்கத்தில் போனாங்க. சிம்பிள்!

நம்பிக்கையும் சந்தேகமும்

2025 முடிந்தப்போ நானும் மச்சானும் ஒரு நோட்டில் ரெண்டு காலம் போட்டு எழுதினோம்.

அவன் எழுதின முதல் பேர் கேல் ராலி. நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி, பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்ச்சர். அந்த வேலை பார்த்துக்கொண்டே 2025-ல் 60 ஹோம் ரன்! அதற்கு முன் ஒரு கேட்ச்சரின் அதிகபட்சம் 48. கிரிஃபி வைத்திருந்த டீம் சாதனை 56. ரெண்டும் காலி. 2025 மார்ச்சிலேயே ஆறு வருஷ கான்ட்ராக்ட்டில் கையெழுத்தும் போட்டாச்சு.

நான் பக்கத்துக் காலத்தில் எழுதினேன்: 2024-ல் அவர் அடித்தது 34. அறுபது வருஷா வருஷம் வருமா? 2025 நவம்பரில் 29 வயது ஆச்சு. தினமும் குந்தி உட்கார்ந்தால் முட்டி என்னாகும்?

அவன்: ஹூலியோ ரோட்ரிகஸ், 2022-ன் சிறந்த புதுமுகம். நீண்ட கால கான்ட்ராக்ட்.
நான்: ஹூலியோவுக்குச் சீசன் ஆரம்பத்தில் தூக்கம் கலையாது. ஜூலைக்கு மேல்தான் காபி குடிச்ச மாதிரி எழுவார்.

அவன்: கில்பர்ட், கர்பி, வூ, காஸ்டியோ, மில்லர். இந்த மாதிரி அஞ்சு பிட்சர் யார்கிட்ட இருக்கு?
நான்: 2025-ல் அதில் நாலு பேருக்குக் காயம். அஞ்சு பேரும் ஒண்ணா நின்னது போட்டோவில்தான்.

அவன்: நேய்லர் 2025 நவம்பரிலேயே அஞ்சு வருஷத்துக்குத் திரும்பக் கையெழுத்துப் போட்டுட்டார்.
நான்: டெட்ராய்ட்டை 15-வது இன்னிங்ஸில் கவிழ்த்த ஹோர்ஹே பொலாங்கோ அடுத்த மாதமே நியூயார்க் மெட்ஸுக்குப் போயிட்டார்.

கடைசியா நான் ஒரு வரி எழுதினேன்: பணம். ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா டீமுக்கும் ஒரே பர்ஸ். மேஜர் லீகில் அப்படி இல்லை. எல்லை தாண்டினால் வரி கட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் ஷோஹெய் ஓட்டானிக்கு 10 வருஷத்துக்கு 700 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தது. 2024, 2025 ரெண்டு கப்பும் அவர்களுக்கே. இதுக்கு எதிரில் மச்சானிடம் எழுத ஒன்றும் இல்லை. பேனாவை மூடிட்டான்.

உட்கார்ந்திருந்த ஆள்

ஆனால் என்னைத் தூங்கவிடாதது இந்த லிஸ்ட் இல்லை மக்களே. வேறு ஒண்ணு.

அந்த ஏழாவது மேட்ச்சில் ஸ்பிரிங்கர் வந்தப்போ பந்து வீசியவர் எட்வார்ட் பசார்டோ. மரைனர்ஸின் நம்பர் ஒன் கடைசிநேர பிட்சர் ஆண்ட்ரெஸ் முன்யோஸ் அப்போது பந்து வீச வரவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸுக்குன்னு வைத்திருந்தார்கள். அந்த ஒன்பதாவது இன்னிங்ஸில் காப்பாத்த முன்னிலையே மிச்சமில்லை!

மேனேஜர் டேன் வில்சனை நான் திட்ட மாட்டேன். 1995-ல் மரைனர்ஸ் முதல் தடவை பிளே-ஆஃப் போனப்போ கேட்ச்சரா இருந்தவர் அவர். என்னைவிட ஆயிரம் மடங்கு அவருக்கு வலித்திருக்கும். பசார்டோவும் மோசமான ஆள் இல்லை. முன்யோஸ் வந்திருந்தாலும் ஸ்பிரிங்கர் அடித்திருக்கலாம். யார் கண்டது?

ஆனால் அப்படித் தோத்திருந்தா நான் அப்பாகிட்ட பல்வலின்னு பொய் சொல்லியிருக்க மாட்டேன். இருக்கிற பெஸ்ட் ஆளைப் போட்டோம், முடியலைன்னு போய் ரெண்டு இட்லி சாப்பிட்டிருப்பேன். மிச்சம் பிடித்து வைத்தோம் பாருங்க, அதுதான் வலி.

மச்சானிடம் அன்னைக்கு ராத்திரி இதைத்தான் சொன்னேன். "54 வாங்கு, வேண்டாம்னு சொல்லலை. வருஷா வருஷம் வாசல்ல நில்லு. ஆனா கதவு திறக்கிற அன்னைக்கும் 54-க்கே படிச்சிட்டுப் போகாதே."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டான், "அப்போ தொப்பியைத் திருப்பிக் கொடுத்துடறியா?"

கொடுப்பேனா? பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு என்னுதுதான், சொல்லிட்டேன்!

நீங்க சொல்லுங்க பாஸ்... உங்க வாழ்க்கையில் முன்யோஸை எந்த ஒன்பதாவது இன்னிங்ஸுக்காக உட்கார வெச்சிருக்கீங்க? யோசிச்சு வைங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!