சீக்கிரம் வந்தால் பரிசு

பெங்களூரில் காலையில் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். ஏழு மணிக்குப் புறப்பட்டால் சாலை காலி. ஆனால் தூக்கம் போச்சு. எட்டரைக்கு என்றால் சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

இந்த ஊசலாட்டத்தை 1969-இல் கணிதமாக்கியவர் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி. நெரிசலில் காத்திருக்கும் எரிச்சல், முன்னதாகப் போய்ச் சும்மா உட்காரும் அலுப்பு, தாமதத்துக்கு வாங்கும் திட்டு ஆகிய மூன்றையும் எடைபோட்டே மக்கள் நேரத்தைத் தேர்கிறார்கள். அவர் சொன்ன மருந்து, நெரிசல் நேரத்தில் கூடுதல் கட்டணம். சிங்கப்பூர் 1975-லேயே அதை வசூலிக்கத் தொடங்கியது.

அபராதத்துக்குப் பதில் பரிசு கொடுத்தால்? ஸ்டான்போர்டு பேராசிரியர் பாலாஜி பிரபாகரின் குழு 2008 அக்டோபரில் பெங்களூர் இன்போசிஸில் இதைச் சோதித்தது. சுமார் 14,000 ஊழியர்கள், ஆறு மாதங்கள். சீக்கிரம் வருபவருக்குப் புள்ளிகள். புள்ளிகள் சேரச் சேரப் பெரிய தொகைக்கான வாராந்திரக் குலுக்கலில் இடம். கைக்கு நிச்சயம் வரும் பத்து ரூபாயைவிட, விழுந்தாலும் விழலாம் என்கிற ஆயிரங்களுக்கு மனம் அதிகம் மயங்கும் என்பதுதான் சூட்சுமம்.

பலித்தது. நெரிசலுக்கு முன்பே வந்தவர்கள் ஏறக்குறைய இரு மடங்கானார்கள். நிறுவனப் பேருந்தில் வருபவரின் சராசரி காலைப் பயணம் 71 நிமிடத்திலிருந்து 54 நிமிடமாகக் குறைந்தது. புதிதாக ஓரடி சாலைகூடப் போடவில்லை.

ஆனால் 'தேர்வு' என்ற சொல் எல்லோருக்கும் பொருந்தாது. அலுவலக வாசல் காவலாளிக்கும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கும் நேரத்தை வேறு யாரோ நிர்ணயிக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடும் தாய் எந்தக் குலுக்கலிலும் கலந்துகொள்ள முடியாது. நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் மாற்றிக்கொண்டால், முடியாதவர்களுக்கும் சாலை கொஞ்சம் இளகும்.

ஓசூர் சாலைக்கு 2010-இல் மேம்பாலம் வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவும் வந்தது. இடையில் 2023-இல், டாம்டாம் நிறுவனக் கணக்குப்படி, பெங்களூரின் மையப்பகுதியில் பத்து கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 28 நிமிடங்கள் பிடித்தன. சாலையை அகலப்படுத்துவது அரசின் வேலை. எல்லோரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லாமலிருப்பது முதலாளிகளின் வேலை. இரண்டாவதற்குச் சிமெண்ட் தேவையில்லை.