சோப்பு ஏன் நுரைக்கலை?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் பல வீடுகளில் சோப்பு லேசில் நுரைக்காது. குழாய் முனையிலும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாகப் படியும். ஏன் தெரியுமா, சுட்டீஸ்?

தண்ணீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர் மின்சுமை, ஆக்சிஜன் பக்கம் எதிர் மின்சுமை. அதனால் பல உப்புகளைச் சுலபமாகக் கரைத்துக்கொள்ளும். பூமிக்குள் இறங்கும் மழைநீர், மண்ணிலும் பாறையிலும் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளைச் சேர்த்துக்கொண்டால் அதுதான் கடின நீர். அந்த உப்புகள் சோப்புடன் வினைபுரிந்து கரையாத திப்பியாகிவிடும். பிறகு எப்படி நுரை வரும்?

'காய்ச்சினால் நல்ல தண்ணீராகிவிடும்' என்பது பாதி உண்மைதான். கிருமிகள் சாகும். பைகார்பனேட் உப்புகள் கார்பனேட்டாக மாறி அடியில் வெள்ளையாகப் படியும். ஆனால் குளோரைடு, சல்பேட் உப்புகள் அப்படியே இருக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே!

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு.

செய்து பாருங்கள்: ஒரு பாட்டிலில் மழைநீர், இன்னொன்றில் போர்வெல் நீர். இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்புச் சீவல் போட்டுக் குலுக்குங்கள். ஷாம்பு வேண்டாம், அது கடின நீரிலும் நுரைக்கும்.

அப்படியே மொட்டைமாடி மழைநீர்க் குழாயில் அடைப்பு இருக்கிறதா என அப்பா அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். நிலத்தில் இறங்கும் மழைநீர்தான் போர்வெல்லின் உப்பைக் குறைக்கும்.