ராகங்கள் மாத்திரைகள் அல்ல

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தன் ஆறு வயது மகனை 'இசைச் சிகிச்சை'க்கு அழைத்துச் சென்றார். பையனுக்கு ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. சிகிச்சையாளர் என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தவர் குழந்தையின் வயதையும் நோயையும் கேட்டுக்கொண்டார். அவன் காதில் ஹெட்போனை மாட்டி, ஏதோ ஒரு ராகத்தின் ஒலிப்பதிவை ஓடவிட்டார். பிறர் எழுப்பும் ஓசையைத் தாங்க முடியாத பிள்ளை அவன். இரண்டாவது நிமிடத்தில் தன் கையைத் தானே கடித்துக்கொண்டு அலறினான். முதல் நாள் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று பதில் வந்ததாம். அவருடைய தகுதி என்னவென்று பிறகு விசாரித்தபோது, இரண்டு நாள் வகுப்பொன்றில் வாங்கிய சான்றிதழ் என்று தெரிந்தது.

அந்த மனிதர்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. அவரை உருவாக்கியவர்கள் நாம். இரத்த அழுத்தத்துக்கு ஒரு ராகம், சர்க்கரைக்கு ஒரு ராகம், தூக்கமின்மைக்கு மற்றொன்று என்று பட்டியல் போட்ட நூல்களையும் குறுந்தகடுகளையும் வாங்கியவர்கள் நாம்தான். இன்று அதே பட்டியலை வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு அனுப்பிக்கொண்டிருப்பவர்களும் நாமே. ராகத்தை மாத்திரையாக்கிவிட்டால் அதைக் கொடுப்பதற்கு இரண்டு நாள் படிப்பே அதிகம் அல்லவா?

இந்தத் தொழிலுக்கு ஒருவர் எப்படித் தயாராகிறார் என்பதை அறியப் பிரிட்டனைப் பார்க்கலாம். செல்லோ கலைஞர் ஜூலியட் ஆல்வின் 1958-ல் அங்கே இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார். 1968-ல் லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியில் பயிற்சி வகுப்பையும் ஏற்படுத்தினார். 1959-ல் அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் சிறப்புக் கல்வி ஆசிரியர் கிளைவ் ராபின்ஸும் வூஸ்டர்ஷயரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்ந்து பணியாற்றத் தொடங்கினார்கள். அவர்கள் பெயரிலான பயிற்சி இன்றும் நடக்கிறது. 1997-ல் இத்தொழிலுக்கு அரசுப் பதிவு கிடைத்தது. இன்று எச்.சி.பி.சி. என்னும் பதிவு மன்றத்தின் ஏட்டில் இடம்பெறாத ஒருவர் தம்மை 'இசைச் சிகிச்சையாளர்' என்று ஏமாற்றிச் சொல்லிக்கொண்டால் அது சட்டப்படி குற்றம். ஏட்டில் பெயர் ஏற வழக்கமான வழி, மன்றம் ஒப்புக்கொண்ட முதுகலைப் படிப்பை முடிப்பது. முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள்.

அந்தப் படிப்பில் சேரும்போதே மாணவர் தேர்ந்த இசைக்கலைஞராக இருக்க வேண்டும். வாசித்துக் காட்டி, நேர்காணலில் தேறித்தான் உள்ளே நுழைய முடியும். அப்படியானால் இரண்டு ஆண்டுகள் எதைக் கற்கிறார்? குழந்தை வளர்ச்சி, உளவியல், மனநோய்கள், ஆய்வு முறை ஆகியவை ஒரு பக்கம். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் மேற்பார்வையின் கீழ்ச் செய்யும் களப்பணி மறுபக்கம். அங்கே நடந்தவற்றை மூத்தவர் ஒருவருடன் உட்கார்ந்து அலச வேண்டும். இவை போதாவென்று, மாணவர் தாமே ஒரு சிகிச்சையாளர் முன் சென்று அமர வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார்கள். தன் துக்கத்தையும் கைதட்டலுக்கான தன் ஏக்கத்தையும் அறியாதவர், அவற்றை நோயாளியின் தலையில் இறக்கிவைப்பார் என்பதே அதற்குக் காரணம்.

இப்படிப் பயின்றவரின் அறையில் ஹெட்போனுக்கு வேலை குறைவு. குழந்தை ஒரு மேளத்தை ஒழுங்கில்லாமல் தட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சையாளர் அந்தத் தட்டலின் வேகத்தையும் அழுத்தத்தையும் பியானோவில் ஏந்திக்கொள்கிறார். குழந்தை நிறுத்தினால் அவரும் நிறுத்துகிறார். காத்திருக்கிறார். தான் செய்ததற்கு ஒரு மறுமொழி வந்ததைக் குழந்தை கவனித்துத் திரும்பிப் பார்க்குமானால், அங்கேதான் வேலை தொடங்குகிறது.

'இது நம் மனோதர்மம்தானே, நம் வித்வான்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டுமா?' என்று ஒரு ரசிக நண்பர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். கச்சேரி மேடையின் மனோதர்மம் ராகத்தின் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது. சிகிச்சை அறையின் மனோதர்மம் எதிரே இருப்பவரின் மூச்சுக்குக் கட்டுப்பட்டது. குழந்தை அபஸ்வரத்தில் கத்தினால் இவரும் அந்த அபஸ்வரத்துக்குள் இறங்க வேண்டியிருக்கும். இருபது ஆண்டுகள் சுருதி சுத்தம் பயின்ற ஒருவருக்கு அதைவிடக் கடினமான பாடம் இருக்க முடியாது. அழகாக வாசிக்கும் பழக்கத்தைத் தேவைப்படும்போது கீழே வைக்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் அந்த இரண்டு ஆண்டுகள்.

அடுத்து, மரபு என்னும் கேடயம். முத்துசுவாமி தீட்சிதர் தம் சீடர் தம்பியப்பனின் வயிற்றுவலி தீர அடாணாவில் கிருதி செய்தார் என்ற கதையை ராகப் பட்டியல்காரர்கள் தவறாமல் எடுத்து நீட்டுவார்கள். கதை என்றே வைத்துக்கொண்டாலும் அதைச் சரியாகப் படிக்க வேண்டாமா? குரு தமக்கு நன்கு தெரிந்த ஒருவருக்காக, அவருடைய நிலையை ஆராய்ந்து, புதிதாக ஒன்றை இயற்றி, அதை அவரையே பாடிவரச் செய்கிறார். வயிற்றுவலிக்காரர்கள் எல்லோருக்கும் அடாணா என்று அந்தக் கதை எங்கே சொல்கிறது? 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' தந்த ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர், இசை ஆய்வாளர். இரண்டிலும் பல்லாண்டு உழைத்தவர். மரபைக் காட்டி உழைப்பைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு அவர் துணை நிற்கமாட்டார்.

இனி, பலன் பற்றி. ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளை வைத்து ஒன்பது நாடுகளில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2017-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. ஐந்து மாத இசைச் சிகிச்சையால் நோய்க்குறிகளின் தீவிரம் குறிப்பிடும்படிக் குறையவில்லை என்பதே அந்த முடிவு. அதை எழுதி வெளியிட்டவர்களில் இசைச் சிகிச்சைத் துறையினரும் இருந்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, சில வகைகளில் பயன் இருக்கக்கூடும் என்றது. ஒரு துறை இப்படித்தான் நடக்கும். தன் தோல்வியையும் அச்சிடும், பிறகு மறுபடியும் அளந்து பார்க்கும். நம் ராகப் பட்டியலோ இதுவரை ஒரே ஒரு நோயிடமும் தோற்றதில்லை. அதை நம்பக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

எல்லோரும் லண்டனுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் படிப்பின் செலவு நம் நடுத்தரக் குடும்பத்தை விழுங்கிவிடும். புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் ஒரு மருத்துவக் கல்லூரியின் சூழலிலேயே இசைச் சிகிச்சைக் கல்விக்கு இடம் தந்திருக்கிறது. செல்ல வேண்டிய திசை அது. ஆனால் பிரிட்டனில் உள்ளதுபோல் இந்தப் பெயரைக் காக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லாதவரை, படித்தவரும் இரண்டு நாள் சான்றிதழ்காரரும் ஒரே பலகையைத்தான் மாட்டுவார்கள். எனவே கேள்வி கேட்கும் பொறுப்பு நம்முடையது. எங்கே படித்தீர்கள், எத்தனை மாதம் யாருடைய மேற்பார்வையில் நோயாளிகளோடு இருந்தீர்கள், பலன் இல்லையென்றால் அதை எப்படி அறிவீர்கள் என்று கேளுங்கள். கச்சேரிக்குப் போவதற்கு ராகம் தெரியாமல் இருக்கலாம். குழந்தையை ஒப்படைப்பதற்கு இந்த மூன்றும் தெரிந்தாக வேண்டும்.

நண்பரின் மகன் முன்பெல்லாம் சமையலறைத் தரையில் ஒரு பாத்திர மூடியைச் சுழலவிட்டு, அது அடங்கும்வரை காதைத் தரையோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். இப்போது அதைத் தொடுவதில்லை. பயின்ற ஒருவர் அவனிடம் வந்திருந்தால், அந்த மூடியில்தான் தொடங்கியிருப்பார்.